செப்புத் தகட்டில் சிரித்தவர்

நம் சங்க இதழுக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று இதழாசிரியர் கேட்டார். வேதியியல் மாணவனாகிய நான் லவாசியேயைப் பற்றியோ மேரி கியூரியைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் இங்கே நான் எழுதுவது ஓர் ஓவியரின் வரலாறு. அவர் ஸ்பெயின் நாட்டவர். மறைந்தது 1828-ஆம் ஆண்டில். பெயர் பிரான்சிஸ்கோ கோயா. அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது ஓவியக்கூடம் அன்று, அமிலப் புட்டி.

என் ஆய்வு எளியது. நீர்த்த நைத்ரிக் அமிலத்தில் செப்புத் துண்டை இட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு செம்பு கரைகிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். பழுப்புப் புகை எழும். திரவம் மெல்ல நீலமாகும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதே வேலையை முற்காலத்தில் ஓவியர்கள் படம் அச்சிடுவதற்காகச் செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வடநாட்டுக் குளிர் உறைந்துகிடந்த ஒரு மாலையில், பல்கலைக்கழக நூலகத்தில் ‘எட்சிங்’ என்ற சொல்லைத் தேடினேன். கிடைத்தது வேதியியல் நூலன்று. எண்பது படங்கள் கொண்ட ஒரு பெரிய தொகுதி. நின்றபடியே புரட்டிக்கொண்டு போனேன். நாற்பத்து மூன்றாம் படத்தில் கை நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்பதை முடிவில் சொல்லுகிறேன். அதற்கு முன் அந்தப் படத்தை ஆக்கியவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பொன்தாள் ஒட்டியவரின் மகன்

ஸ்பெயினின் வடகிழக்கில் அரகோன் என்னும் வட்டாரம் இருக்கிறது. அங்கே ஸரகோஸா நகருக்கு அருகில் ஃபுவென்தேதோதோஸ் என்ற வறண்ட சிற்றூரில் 1746 மார்ச் 30 அன்று கோயா பிறந்தார். தந்தை ஹோசே, கோயில் பலிபீடங்களுக்கும் மரச் சிற்பங்களுக்கும் பொன்தாள் ஒட்டும் தொழில் செய்தவர். தாய் கிராசியா லூசியெந்தெஸ், சிறு பிரபுக் குடியில் பிறந்தவர். குடிப்பெருமை இருந்தது, செல்வம் இல்லை.

பதினான்கு வயதளவில் ஸரகோஸாவில் ஹோசே லூசான் என்ற ஓவியரிடம் கோயா மாணவராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்து கை பழகினார். பிறகு தலைநகரான மாட்ரிடுக்குச் சென்று, சான் பெர்னாந்தோ கலைக்கழகம் நடத்திய போட்டியில் கலந்துகொண்டார். அது 1763-ஆம் ஆண்டு. நடுவர்களில் ஒருவர்கூட அவருக்கு வாக்களிக்கவில்லை. 1766-இல் மறுபடியும் முயன்றார், மறுபடியும் தோல்வி. முடிவுப் பட்டியலில் தம் பெயரைத் தேடிக் காணாமல் விடுதிக்குத் திரும்பிய நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மனந்தளராமல் இத்தாலிக்குப் போனார். 1771-இல் பார்மா நகரக் கலைக்கழகப் போட்டியில் பரிசு கிட்டவில்லையாயினும் நடுவர்களின் பாராட்டு கிட்டியது. ஊர் திரும்பி, 1773-இல் ஹோசெஃபா பாயேயு என்ற பெண்ணை மணந்தார். அவளுடைய அண்ணன் பிரான்சிஸ்கோ பாயேயு அரண்மனை ஓவியர்களில் ஒருவர். திறமைக்குத் துணையாக ஒரு மைத்துனரும் அமைந்தால் கதவுகள் விரைவாகத் திறக்கும் போலும்! 1775-இல் மாட்ரிடில் அரசாங்கத் திரைச்சீலை நெசவுச்சாலைக்கு மாதிரிப் படங்கள் தீட்டும் வேலை கிடைத்தது. 1792 வரையில் அறுபதுக்கு மேற்பட்ட படங்களை அவர் அதற்காகத் தீட்டினார். குடை நிழலில் அமர்ந்த பெண், கண்கட்டி விளையாடும் இளைஞர், ஆற்றங்கரையில் விருந்துண்போர் என்று எங்கும் வெயிலும் சிரிப்புமாக இருந்த படங்கள் அவை. அவற்றைப் பார்ப்பவர் எவரும், இதே கை பிற்காலத்தில் என்னென்ன தீட்டப்போகிறது என்று கனவிலும் எண்ணமாட்டார்.

படிகள் ஒவ்வொன்றாக ஏறினார். 1780-இல், இருமுறை தம்மை ஒதுக்கிய அதே கலைக்கழகத்தில் உறுப்பினரானார். 1786-இல் மன்னரின் ஓவியர். 1789-இல், நான்காம் சார்லஸ் அரியணை ஏறிய அடுத்த ஆண்டில், அரண்மனை ஓவியர். பிரபுக்களும் சீமாட்டிகளும் அவருக்காகக் காத்திருந்தனர். வீட்டில் மட்டும் துயரம் இருந்தது. பிறந்த குழந்தைகளுள் 1784-இல் பிறந்த ஹாவியர் ஒருவனே தங்கினான்.

ஒலி இழந்த உலகம்

1792-ஆம் ஆண்டின் இறுதியில் கோயா ஸ்பெயினின் தென்பகுதிக்குச் சென்றிருந்தார். அங்கே கடும் நோய் கண்டது. காடிஸ் துறைமுக நகரில் செபாஸ்தியான் மார்த்தினெஸ் என்ற நண்பரின் வீட்டில் பல மாதம் படுத்துக் கிடந்தார். தலை சுற்றியது, நிற்க முடியவில்லை, காதுகளில் ஓயாத இரைச்சல். ஓவியர்கள் கையாளும் வெள்ளை வண்ணத்திலிருந்த ஈயமே நஞ்சாயிற்று என்பாரும் உளர். வேறு நோய்களின் பெயரைச் சொல்லும் மருத்துவர்களும் உளர். இரைச்சல் அடங்கியபோது அதனுடன் எல்லா ஒலியும் அடங்கிவிட்டது. நாற்பத்தாறு வயதில் கோயா முற்றிலும் செவிடரானார். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் எந்தக் குரலையும் கேட்கவில்லை.

நாடகம் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று பாட்டும் வசனமும் நின்றுவிட்டால் என்ன தெரியும்? வாய்கள் திறந்து மூடுவதும், கைகள் ஆடுவதும், முகங்கள் கோணுவதும் மட்டுமே தெரியும். ஸ்பெயின் நாட்டுச் சமுதாயம் கோயாவுக்கு அப்படித்தான் காட்சியளித்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். இனிய சொற்கள் மறைத்து வைத்திருந்த முகபாவங்கள் வெளியே வந்துவிட்டன.

நோயிலிருந்து எழுந்ததும் அவர் செய்த காரியம் குறிப்பிடத்தக்கது. எவரும் கேட்காமல், எவருடைய பணமும் வாங்காமல், தகரத் தகடுகளில் பதினொரு சிறு ஓவியங்களைத் தீட்டிக் கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1794 ஜனவரியில் கலைக்கழகத் தலைவர்களுள் ஒருவரான இரியார்தேவுக்கு ஒரு கடிதமும் எழுதினார். பிறர் சொல்லிச் செய்யும் ஓவியங்களில் தம் கற்பனைக்கும் மனம்போன போக்குக்கும் இடமில்லை என்பது அக்கடிதத்தின் கருத்து. அந்த ‘மனம்போன போக்கு’ என்பதற்கு ஸ்பானியச் சொல் காப்ரிச்சோ. ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த எண்பது படங்களின் பெயரும் அதுவே: லோஸ் காப்ரிச்சோஸ்.

அமிலமும் பிசினும்

அக்கால ஸ்பெயின் எப்படி இருந்தது? மேலே மன்னரும் பிரபுக்களும். பக்கத்தில் பெருஞ்செல்வம் படைத்த திருச்சபை. கீழே எழுத்தறியாத கோடி மக்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இன்குவிசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம். 1478-இல் நிறுவப்பட்ட அம்மன்றம் கோயாவின் காலத்தில் பழைய வலிமை குன்றியிருந்தது என்பது உண்மை. ஆயினும் பல் விழுந்துவிடவில்லை. சீர்திருத்த நிர்வாகியாக விளங்கிய பாப்லோ தெ ஒலாவிதே என்பவரை 1778-இல் குற்றவாளியாக்கி மடத்தில் அடைத்தது அதுவே.

கோயாவின் நண்பர்களுள் சிலர் ஒலாவிதேவைப் போன்ற எண்ணம் உடையவர்கள். ஹோவெல்லானோஸ் என்ற அறிஞர், மொராத்தின் என்ற நாடக ஆசிரியர் முதலானோர் கல்வியாலும் பகுத்தறிவாலும் நாடு திருந்தும் என்று நம்பினர். காது கேளாத கோயா அந்த நம்பிக்கையைச் செம்பில் எழுதத் தொடங்கினார்.

எழுதும் முறையை எங்கள் துறைக்கே உரிய ஆர்வத்துடன் சொல்லுகிறேன். செப்புத் தகட்டின்மேல் அமிலம் தீண்டாத மெழுகைப் பூசுவார்கள். ஊசியால் அதில் கோடு கீறினால் கோட்டின் அடியில் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால் கோடு மட்டும் அரிபட்டுப் பள்ளமாகும். மெழுகை நீக்கி, மையைத் தடவித் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் பள்ளத்தில் தங்கிய மை தாளில் ஏறும். இது எட்சிங். ஆனால் கோட்டினால் இருளைக் காட்ட இயலாது. அதற்கு அக்குவாடின்ட் என்ற முறை உண்டு. பிசினைத் தூளாக்கித் தகட்டின்மேல் தூவிச் சூடேற்றினால் ஒவ்வொரு துகளும் ஒட்டிக்கொள்ளும். அமிலம் துகள்களின் இடையே புகுந்து எண்ணற்ற நுண்குழிகளைத் தோண்டும். சிறிது நேரம் விட்டால் சாம்பல் நிறம். நெடுநேரம் விட்டால் நள்ளிரவு. கோயா இந்த இரண்டு முறைகளையும் ஒரே தகட்டில் சேர்த்தார். அவருடைய இரவுகளுக்கு நிகரான இரவுகள் அச்சுப் படக் கலையில் அரியவை.

அந்த இரவுகளில் யார் யார் உலவுகிறார்கள்? ஒரு தாய் போர்வை போர்த்திய உருவத்தைப் பூச்சாண்டி என்று காட்டித் தன் குழந்தைகளை நடுங்கவைக்கிறாள். முகமூடி அணிந்த மணப்பெண் ஒருத்தி, முதலில் வந்தவனுக்குக் கை நீட்டுகிறாள். தூக்கிலிடப்பட்டவனின் பல் மந்திரத்துக்கு உதவும் என்று நம்பி, முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு ஒருத்தி பிணத்தின் வாயில் கைவைக்கிறாள். மரத்தின்மேல் துறவி அங்கியைப் போர்த்தி வைத்திருக்க, மக்கள் அதன்முன் மண்டியிடுகிறார்கள். அவர்கள் வணங்குவது தையற்காரனின் கைவேலையை! மேடையில் ஒரு கிளி பேசுகிறது. கீழே பெரியவர்கள் வாய்பிளந்து கேட்கிறார்கள்.

கழுதைகளும் உண்டு. ஆசிரியக் கழுதை குட்டிக் கழுதைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறது. பிரபுக் கழுதை தன் வம்சாவளிப் புத்தகத்தை விரித்துக் காட்டுகிறது. அதிலே வரிசை வரிசையாகக் கழுதைகள். மருத்துவக் கழுதை நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறது. நோயாளி எந்த நோயால் சாவான் என்று படத்தின் அடியில் ஒரு கேள்வி. கடைசியில் இரண்டு மனிதர்கள் முதுகில் இரண்டு கழுதைகளைச் சுமந்துகொண்டு தள்ளாடுகிறார்கள். ஓவியரும் தப்பவில்லை. ஒரு குரங்கு, எதிரே அமர்ந்த கழுதையை அழகாக வரைந்துகொண்டிருக்கிறது. அரண்மனை ஓவியராகிய கோயாவின் பிழைப்பே அதுதானே!

கழுதைகள் முடிந்ததும் அடுத்த படம் நாற்பத்து மூன்று.

ஒருவர் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் கைகளை மடக்கி, அவற்றில் தலையைக் கவிழ்த்து உறங்குகிறார். மேசையில் தாள்களும் எழுதுகோல்களும் கிடக்கின்றன. அவருக்குப் பின்னாலிருந்து ஆந்தைகளும் வௌவால்களும் கூட்டமாக எழுகின்றன. தரையில் ஒரு காட்டுப்பூனை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேசையின் பக்கவாட்டில் சில சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: பகுத்தறிவு உறங்கினால் பூதங்கள் பிறக்கும் என்பது அவற்றின் கருத்து. ஸ்பானிய மொழியில் உறக்கத்துக்கும் கனவுக்கும் ஒரே சொல். ஆகவே, பகுத்தறிவு காணும் கனவே பூதங்களைப் பெறுகிறது என்றும் படிக்கலாம். எது சரியென்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மாட்ரிடில் உள்ள ஒரு பழைய கையெழுத்துப் படி வேறோர் விளக்கத்தையும் தருகிறது. பகுத்தறிவு கைவிட்ட கற்பனை பூதங்களை ஈனும்; அதனுடன் கூடிய கற்பனையோ கலைகளின் தாயாகும் என்பது அதன் சாரம்.

320 ரியால்

1799 பிப்ரவரி 6 அன்று மாட்ரிட் நாளேடு ஒன்றில் விளம்பரம் வந்தது. மனிதர்களின் பிழைகளையும் தீமைகளையும் இகழும் படங்கள் விற்பனைக்கு உண்டு; எந்தத் தனி மனிதரையும் இவை குறிக்கவில்லை என்று அதில் உறுதி கூறப்பட்டிருந்தது. எண்பது படங்களின் விலை 320 ரியால். அதாவது படம் ஒன்றுக்கு 4 ரியால். விற்ற இடம் புத்தகக் கடையன்று. கோயா குடியிருந்த கட்டடத்தில் நறுமணப் பொருளும் மதுவும் விற்ற ஒரு கடை. தெருவின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மயக்கம் தெளிந்த தெரு’. இதைக் கதையில் எழுதினால் எவரும் நம்பமாட்டார்!

ஒசூனா பிரபுக் குடும்பம் விளம்பரத்துக்கு முன்பே நான்கு தொகுதிகள் வாங்கியது. ஆனால் மொத்தத்தில் விற்றவை 27 என்பர். படங்களில் இருக்கும் முகங்கள் யாருடையவை என்று ஊர் ஊகிக்கத் தொடங்கியது. இன்குவிசிஷனின் நிழலும் இருந்தது. கோயா விற்பனையை நிறுத்திவிட்டார். 1803-இல் எண்பது தகடுகளையும் விற்காத 240 தொகுதிகளையும் மன்னருக்கே காணிக்கையாக்கினார். கைம்மாறாக அவர் மகன் ஹாவியருக்கு ஆண்டுக்கு 12,000 ரியால் உதவித்தொகை கிடைத்தது. எந்த அரசவையை எள்ளி நகையாடினாரோ அந்த அரசவையின் பெட்டகத்தில் தகடுகள் பத்திரமாகத் தங்கின. இன்றும் அவை மாட்ரிடில் இருக்கின்றன.

இன்னொரு செய்தியையும் மறைக்கக்கூடாது. படங்கள் வெளிவந்த அதே 1799-ஆம் ஆண்டு அக்டோபரில் கோயா முதல் அரண்மனை ஓவியராக உயர்த்தப்பட்டார். சம்பளம் ஆண்டுக்கு 50,000 ரியால். 1801-இல் நண்பர் ஹோவெல்லானோஸ் சிறைப்பட்டு, 1808 வரையில் மயோர்கா தீவில் அடைபட்டுக் கிடந்தார். கோயாவோ மன்னர் குடும்பத்தின் பெரும்படத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். கோயாவைத் தியாகியாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் அஞ்சியதும் உண்டு, வளைந்ததும் உண்டு. அந்த வளைந்த மனிதரின் கை நேரான கோட்டை இட்டது என்பதே எனக்கு வியப்பாயிருக்கிறது.

நானே கண்டேன் என்றவர்

1808-இல் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினைப் பிடித்தன. அவர்கள் பழமையை ஒழித்துப் புதுமையைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். இன்குவிசிஷனை அவர்கள் ஒழித்ததும் உண்மை. ஆனால் மே 2 அன்று மாட்ரிட் மக்கள் எதிர்த்து எழுந்தபோது, மறுநாள் விடிவதற்குள் கைப்பட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டதும் அவர்களே. ‘பகுத்தறிவின் கனவு’ என்ற இரண்டாவது பொருள் ஒன்பதே ஆண்டுகளில் கண்முன் நடந்துவிட்டது.

கோயா புதிய ஆட்சிக்கும் விசுவாசப் பிரமாணம் செய்தார். 1811-இல் அதன் விருதையும் பெற்றார். அதே காலத்தில் வீட்டுக்குள் அமர்ந்து, போரின் கொடுமைகளைச் செப்புத் தகடுகளில் பொறித்துக்கொண்டிருந்தார். கொன்றவன் பிரெஞ்சுக்காரன் என்றால் அவனையும் காட்டினார். ஸ்பானியன் என்றால் அவனையும் காட்டினார். 1811, 1812 ஆண்டுகளில் மாட்ரிடைத் தாக்கிய பஞ்சத்தில் தெருவில் கிடந்த பிணங்களையும் காட்டினார். ஒரு படத்தின் கீழ், இதைத் தாமே கண்டதாகப் பொறித்தார். 1812-இல் மனைவி ஹோசெஃபா இறந்தாள். அந்தத் தகடுகளை அவர் வெளியிடவே இல்லை. கலைக்கழகம் அவற்றை அச்சிட்டது 1863-இல். அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

1814-இல் ஏழாம் பெர்தினாந்து மன்னராகத் திரும்பினார். இன்குவிசிஷனும் திரும்பியது. ஆடையின்றிப் படுத்திருக்கும் பெண்ணின் ஓவியம் ஒன்றைப் பற்றி விளக்கம் கேட்டு, 1815-இல் கோயாவுக்கு அழைப்பாணை வந்தது. எப்படியோ தப்பினார்.

1819-இல் மாட்ரிடுக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால், ஒரு வீட்டை வாங்கினார். அதன் பெயர் செவிடன் வீடு. கோயாவால் வந்த பெயரன்று. முன்பே அங்கு ஒரு செவிடர் இருந்திருக்கிறார். அவ்வாண்டே மீண்டும் கடும் நோய். காப்பாற்றிய மருத்துவர் அரியேத்தாவுக்கு நன்றியாக, தாம் அவர் கையில் சாய்ந்து மருந்து குடிக்கும் காட்சியைத் தீட்டிக் கொடுத்தார். பிறகு வீட்டுச் சுவர்களில் பதினான்கு இருண்ட ஓவியங்களைத் தீட்டினார். பெற்ற பிள்ளையைத் தின்னும் சாத்தர்ன் தேவன், மணலுக்கு மேல் தலைமட்டும் தெரியும் ஒரு நாய் இவற்றுள் அடங்கும். அவற்றுக்கு அவர் பெயரிடவில்லை, எவருக்கும் விற்கவில்லை. சுவரிலிருந்து பெயர்த்துத் துணியில் ஏற்றப்பட்டு, அவை இப்போது மாட்ரிடின் பிராதோ கலைக்கூடத்தில் இருக்கின்றன.

1823-இல் அடக்குமுறை மீண்டும் தலையெடுத்தது. அடுத்த ஆண்டு, எழுபத்தெட்டு வயதில், மருத்துவக் குளியலுக்குப் போவதாக அனுமதி பெற்றுக் கோயா பிரான்சுக்குப் போய்விட்டார். போர்தோ நகரில் ஏற்கனவே குடியேறியிருந்த மொராத்தின் அவரை வரவேற்றார். வந்த முதியவருக்குக் காது கேட்கவில்லை, உடலில் வலுவில்லை, பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் உலகத்தைப் பார்க்கும் ஆவல் மட்டும் குறையவில்லை என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அங்கே கோயா கல்லச்சு முறையைக் கையாண்டு 1825-இல் காளைப்போர்ப் படங்கள் வெளியிட்டார். காப்ரிச்சோஸை மறுபடி அச்சிடலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னபோது மறுத்தார். அவற்றை மன்னரிடம் கொடுத்த பின்னும் தம்மேல் இன்குவிசிஷனிடம் குற்றம் சாட்டினார்கள் என்றும், இப்போது வேறு நல்ல எண்ணங்கள் இருக்கின்றன என்றும் விடையளித்தார். கண் மங்கியது, கை நடுங்குகிறது, மனவுறுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதும் அவருடைய கடிதச் செய்தி. அந்நாட்களின் ஒரு சித்திரத்தில், இரண்டு கோல்களை ஊன்றியபடி நரைத்த தாடிக் கிழவர் ஒருவர் நடந்து வருகிறார். தாம் இன்னும் கற்றுக்கொண்டிருப்பதாக அதில் எழுதியிருக்கிறது.

1828 ஏப்ரல் 16 அன்று போர்தோவில் கோயா காலமானார். வயது எண்பத்திரண்டு. இன்குவிசிஷன் அடியோடு ஒழிக்கப்பட்டது அதன்பின் ஆறு ஆண்டுகள் கழித்து, 1834-இல். கோயாவின் எலும்புகள் 1899-இல் ஸ்பெயினுக்கு வந்தன. 1798-இல் அவரே கூரை ஓவியம் தீட்டிய சான் அந்தோனியோ சிறுகோயிலில் 1919 முதல் அவை அடங்கியிருக்கின்றன. மண்டையோடு மட்டும் இல்லை. போர்தோவில் தோண்டியபோதே அதைக் காணவில்லை.

உறங்குபவர் யார்?

இனி என் கை நின்ற கதைக்கு வருகிறேன்.

என் செப்புத் துண்டு ஆய்வில் பன்னிரண்டு அளவீடுகள் எடுத்திருந்தேன். வரைபடத்தாளில் குறித்தபோது பதினொன்று ஒரே கோட்டில் அழகாக அமர்ந்தன. ஒன்று மட்டும் வெகுதூரம் விலகி நின்றது. அது அமிலத்தை வேகமாகக் கலக்கிய அன்று எடுத்தது. கலக்கினால் விரைவாகக் கரைய வேண்டும் என்பது எல்லாருடைய எதிர்பார்ப்பு. அன்று மெதுவாகக் கரைந்திருந்தது. ஏதோ கைப்பிழை என்று முடிவுகட்டினேன். என் வழிகாட்டிக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. அழிப்பானை எடுத்து அந்தப் புள்ளியைத் தேய்த்துவிட்டேன். கோடு நேராயிற்று. எவரும் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன்.

அதுவரையில் பல்லைப் பிடுங்குபவளையும் கழுதைகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். விஞ்ஞானம் படித்தவனுக்கு இதெல்லாம் ஏது என்ற எண்ணம். அடுத்த பக்கத்தில் மேசை, தாள், எழுதுகோல்! உறங்குகிறவர் குடியானவரல்லர், மந்திரவாதியல்லர். எழுதப் படித்தவர். கோயா அந்தப் படத்தை முதலில் புத்தகத்தின் முகப்பாக வைக்க எண்ணியிருந்தார் என்பதும், வரைந்து பார்த்த முதற்படியில் கனவு காண்பவர் நூலாசிரியரே என்று குறித்திருந்தார் என்பதும் பிறகு தெரிந்துகொண்டேன். ஊரையெல்லாம் நகைத்தவர், உறங்கும் நாற்காலியில் தம்மையே உட்கார வைத்திருக்கிறார்.

அன்று என்னை உறுத்தியது இன்னொன்று. படத்தின் இடப்பக்கத்து ஆந்தை ஒன்று, உறங்குகிறவரை நோக்கி வரைகோலை நீட்டிக்கொண்டிருக்கிறது. பூதங்கள் நம்மை எழுதவிடாமல் தடுப்பதில்லை. எழுதுகோலை அவையே எடுத்துக் கொடுக்கின்றன. எனக்கு அழிப்பானை எடுத்துக் கொடுத்தது எது என்று அப்போது புரிந்தது.

விடுதிக்குத் திரும்பி, ஏட்டைத் திறந்து, தேய்த்த இடத்தில் அந்தப் பன்னிரண்டாம் புள்ளியை மறுபடி இட்டேன். அது பிழையா, உண்மையா என்று இந்தக் கட்டுரையை எழுதும் நேரத்தில் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அமிலத்தை வேகமாகக் கலக்கி மீண்டும் ஐந்துமுறை செய்து பார்க்கப் போகிறேன். வழிகாட்டி கோபிக்கலாம். கோடு வளையலாம். வளையட்டும்.

காப்ரிச்சோஸின் எண்பதாவது படத்தின் கீழ், நேரமாகிவிட்டது என்று பொறித்திருக்கிறார் கோயா. பூதங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு கலைந்துபோகும் விடியற்காலம் அது. நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்து விளக்குகள் அணைவதற்கு முன்னால் ஒருமுறை நாம் குனிந்திருக்கும் மேசையைப் பார்த்துக்கொள்வோம். எழுதுகோலை எடுத்துக் கொடுப்பது யார் என்று கேட்டுக்கொண்டு எழுதுவோம்.